நல்ல நேரத்தில் ஒரு நடுக்கம்

கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் எனக்கு உயிர், இன்ஸ்பெக்டர் ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்கமலத்தின் மேல் எனக்கு ஏதோ பகை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அந்த அம்மா கையால் எத்தனை முறை சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறேன். பகையாவது, மண்ணாவது.

என் வேலை உங்களுக்குப் புரிய வேண்டும். நிலநடுக்கம் வந்தால் ஓர் அணையோ ஏரிக்கரையோ எப்படி ஆடும், உள்ளே நிற்கும் தண்ணீர் எப்படித் தளும்பும் என்று கருவி வைத்து அளந்து சொல்பவன் நான். ஒரகடம் பக்கத்து ஏரியை என்னிடம் ஒப்படைத்தார்கள். கரையில் கருவியைப் பதித்துவிட்டுக் காத்திருந்தேன். நிலநடுக்கம் வந்தால்தானே அளக்க? வருஷக்கணக்காக வரவில்லை. மேலதிகாரி போனில், "இன்னாய்யா, ஏரியில மீன் புடிச்சிகினு கீறியா? சீக்கிரம் ரிப்போர்ட் வரலன்னா வேற வேல பாத்துக்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கருவியில் பதிந்ததெல்லாம் சுற்றியுள்ள கம்பெனிகளில் கார்த் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களின் அதிர்வுதான். ஒன்று அடித்தால் கரை கண்டுகொள்ளாது. எல்லாம் ஒன்றாக, சரியான இடைவெளி விட்டு அடித்தால்? ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் மேலே மேலே போகுமில்லையா, அந்த மாதிரிதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஆய்வுக்காக மெஷின்களைச் சேர்ந்து ஓட்டுங்கள் என்று கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்டேன். செக்யூரிட்டியையே தாண்ட முடியவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. ஆயுத பூஜைக்கு நிறுத்திய மெஷினை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தானே மறுபடி ஓட்டுவார்கள்? நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் நின்று நான் பூஜை மணி அடிப்பேன், எல்லோரும் போனில் கேளுங்கள், மணி ஒருமுறை ஒலித்தால் மெஷினில் ஓர் அடி, வருஷம் முழுக்க மெஷின் பழுதாகாது என்றேன். எதற்கு என்று ஒருவர் கேட்கவில்லை. திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் நயினார் மட்டும், "மணிய நல்லா சத்தமா அடிங்க சார், எங்க ஷாப்புல இரைச்சல் கூடுதல்லா?" என்று கவலைப்பட்டார். ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அன்று ஏரி நிரம்பி நின்றது. மதகுக் காவலர் நடேசனைக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கரைக்கு நேர் கீழே அவர் வீடு. உள்ளே அவர் மனைவி செங்கமலம் எனக்காகத்தான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். வாசனை கரைவரை வந்தது. போனை அருகில் வைத்து மணியை ஆட்டினேன். கணீர் என்றால் வட்டாரமே தொம் என்றது. கணீர், தொம். தண்ணீர் தளும்பியது. கருவியில் கோடு ஏறிக்கொண்டே போனது. அப்படி ஒரு சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பட்டதில்லை, ஐயா.

"சார், கரை ஆடுது சார். வூட்டுல அவ தனியா கீறா. ஓடிப்போய் இட்டுகினு வந்துடறேன்."

"ஆடத்தான் செய்யும் நடேசன். நீங்க ஓடுனா உங்க காலடியும் சேந்து பதிஞ்சிடும். அசையாம ஒக்காருங்க."

நல்ல மனிதர், உட்கார்ந்தார். படித்தவன் சொல்கிறேன் என்ற மரியாதை. கொஞ்ச நேரத்தில், "மணிய நிறுத்து சார், உன் கால்ல உயுறேன்" என்று கதறினார். பூஜையைப் பாதியில் நிறுத்தலாமா? நான் நிறுத்தவில்லை. அவர் கருவியை விட்டுவிட்டு ஓடியபோது கரை அவர் வீட்டுப் பக்கமாகவே உடைந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு செங்கமலத்தை வேலிக்காத்தான் புதரிலிருந்து எடுத்தார்கள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. "ஒக்காரச் சொன்னியே சார்" என்றார் நடேசன். அதிர்ச்சி, பாவம்.

மணி அடித்தது நான். அந்த அம்மா உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். கரை தாங்காது என்று கணக்கிலேயே வந்திருந்தது. எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. நிலநடுக்கத்தால் இந்தக் கரைக்கு ஆபத்து வந்ததில்லை என்று மறுநாளே ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். அதை மட்டும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். அன்று நிலநடுக்கம் எதுவும் வரவில்லையே, ஐயா.