மருமகளின் ஓட்டச் சப்பாத்து

நல்ல சப்பாத்து என்றால், அதைப் போட்டுக்கொண்டிருப்பதே தெரியக்கூடாது. பெல்மதுளை பஜாரில் என் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்லி வந்தேன். புதுச் சப்பாத்து முதலில் கொஞ்சம் கடிக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லி விற்கிறவனை நம்பாதீர்கள், ஐயா. கடிக்கிற சப்பாத்து கடித்துக்கொண்டேதான் இருக்கும். கால்தான் பழகிப்போகும்.

விஷயத்துக்குத்தான் வருகிறேன். சிங்களத்திலேயே சொல்லலாம் என்றீர்கள். பஜாரில் கடை வைத்தவனுக்குச் சிங்களம் வராமல் இருக்குமா. ஆனால் வீட்டுச் சங்கதியை வீட்டில் பேசுகிற பாஷையில் சொல்வதுதான் முறை. இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானாகவே வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தம்பையா. என் தகப்பனாரும் அவருக்கு முன்னிருந்தவர்களும் இந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணிகளாக இருந்தவர்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் தனியாக நிற்கிறது எங்கள் வீடு. லயத்து ஆட்கள் இன்றைக்கும் அதைப் பெரிய வீடு என்றுதான் சொல்வார்கள். என் மனைவி காலமாகி வெகுகாலம். ஒரே மகன் சுரேந்திரன் கொழும்பில் வேலை பார்க்கிறான். மாதத்தில் ஓரிரு தடவை வருவான். இறந்துபோன ஜீவராணி அவன் மனைவி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பேத்தி நிரோஷாவுக்குக் கொடகவெலயில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜீவராணியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. என் முன்னால் உட்கார மாட்டாள். நான் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் கிடைப்பது அபூர்வம்.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். சேலையில், குடையோடு நடந்தாள். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பிறகு ஒரு நாள் நடை ஓட்டமாகிவிட்டது. சேலை போய் நீளக் காற்சட்டையும் டீசேர்ட்டும் வந்தன. சுரேந்திரன் கொழும்பிலிருந்து விலையுயர்ந்த ஓட்டச் சப்பாத்து ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். தானே குனிந்து அவள் காலில் மாட்டியும் விட்டான். நான் உள்ளே போய்விட்டேன்.

அவள் ஓடுகிற நேரம்தான் பிழையான நேரம். விடிந்ததும் ஆட்கள் பெரட்டுக்குக் கூடுகிற நேரம் அது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாகக் கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே பெரிய வீட்டு மருமகள் மூச்சிரைக்க ஓடிப்போவாள்.

“என்னங்க டீச்சரம்மா, நாய் தொரத்துதுங்களா?” என்று ஜெயம்மா என்கிற பெண் கேட்டது எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது.

“நாய் இல்ல ஜெயம்மா. சீனி தொரத்துது.”

“அப்ப நாங்களும் ஓடணுமுங்க. எங்களத் தொரத்துறதுக்குத்தான் ஐயா நிக்கிறாரே, கணக்கப்பிள்ள ஐயா.”

களமே சிரித்தது. ஜீவராணியும் நின்று, முழங்காலில் கையூன்றிச் சிரித்தாள். கொஞ்ச நாளில் இளம்பெண்கள் சிலர் கூடையோடு அவள் பக்கத்தில் சிறிது தூரம் ஓடுவதும் வழக்கமாயிற்று. அவர்கள் அவளைக் கேலி செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அவளைத் தங்களில் ஒருத்தியாக நினைத்தார்கள். கேலி செய்திருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

முதல் காயத்துக்கு நான் பொறுப்பல்ல. அது தானாக வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதியில் ஆணி அடித்தது போல வலி. போத்தலில் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் பாதத்தை உருட்டுவாள். படியின் விளிம்பில் நின்று குதியை ஏற்றி இறக்குவாள். ஓட்டம் நின்றது. மறுபடி சேலை கட்டினாள். மாலையில் விளக்கேற்றிவிட்டு முன்வாசலில் நின்று நிரோஷாவோடு பேசுவாள். வீடு வீடாக இருந்தது, ஐயா. அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

குதி ஆறியது. மறுபடி ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு இருளப்பனின் ஞாபகம் வந்தது. அவன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவன். விபத்தில் ஒரு கால் சற்றுக் கட்டையாகிப்போனது. குதியை உயர்த்தித் தரச் சொல்லிச் சப்பாத்தைக் கடையில் கொடுத்திருந்தான். தைக்கிற ஆள் அன்று வரவில்லை. நாங்கள் விற்கிறவர்கள், தைக்கிறவர்கள் அல்ல. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு நானே அந்த வேலையைச் செய்தேன். கால் மாறிப்போயிற்று. நல்ல காலுக்கு உயர்த்திவிட்டேன். அவன் திரும்பி வந்து கேட்கவில்லை. தீபாவளிக்குச் சப்பாத்து வாங்க வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மொதலாளி போட்டுக் குடுத்தது பிழையா இருக்குமுங்களா? நம்ம காலுதான் பிழையின்னு நெனச்சேனுங்க.”

சரிசெய்து கொடுத்தேன். குதிக்குக் கீழே சிறிது தடிப்புக் கூடினால் வலி முழங்காலுக்கு ஏறும், பிறகு இடுப்புக்கு ஏறும் என்பதை அவனிடம்தான் கற்றேன்.

ஜீவராணி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு முற்பகல். அவள் சப்பாத்துகள் பின்படியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இடது சப்பாத்துக்குள் பாதம் படுகிற மெத்தையைக் கிளப்பினேன். ஒரு தோல் துண்டை விளிம்பு தெரியாமல் சீவி, குதி படுகிற இடத்தில் ஒட்டி, மெத்தையை மறுபடி வைத்து அழுத்தினேன். விரலை விட்டுப் பார்த்தேன். நல்ல வேலை. தொழில் தெரிந்தவன்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டான்.

சில வாரங்களில் முழங்கால் வலித்தது. அவளுக்கு வலிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் இருக்கவில்லை. என் கஷ்டமே அதுதான். வேறு யாராக இருந்தாலும் வயது போய்விட்டது, போதும் என்று விட்டிருப்பார்கள். இவள் இரத்தினபுரியில் சுதாகரன் என்கிற பிசியோ தம்பியிடம் போனாள். அவன் சொன்ன பயிற்சிகளை எல்லாம் செய்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, ரப்பர் பட்டியைக் காலில் மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது, இப்படி என்னென்னவோ. ஒரு லைட் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சுதாகரன் ஒருமுறை கேட்டிருந்தான். அவள் நிரோஷாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. போகிற நாளுக்கு முன்பே துண்டை எடுத்துவிட்டேன். அவன் பார்த்துவிட்டுச் சப்பாத்து நன்றாக இருக்கிறது என்றானாம். பிறகு வலது சப்பாத்தில் வைத்தேன். வலி அந்தப் பக்கம் போயிற்று.

“அக்கா, ஒங்க ஒடம்பு என்னய முட்டாளாக்குது” என்று அவன் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்தது. நான் வைப்பேன். அவள் நிற்பாள். வீடு கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும். பிறகு ஒரு விடியலில் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கும். இவ்வளவு பிடிவாதத்தை அவள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

ஒரு நாள் அவளே சப்பாத்தை என்னிடம் கொண்டுவந்தாள்.

“மாமா, நீங்க காலம் பூரா சப்பாத்து பாத்தவங்க. இதுல ஏதும் பிழ இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?”

வாங்கிப் பார்த்தேன். அடியைத் தட்டினேன். வளைத்தேன். உள்ளே விரலை விட்டு அழுத்தினேன். துண்டு அதன் இடத்தில் இருந்தது.

“சப்பாத்துல பிழ இல்ல” என்றேன்.

“அப்ப எங்கிட்டதான் பிழ” என்றாள். இரண்டு கையாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கொழும்பில் நடக்கிற அரை மரதன் ஓட்டத்துக்கு அவள் பேர் கொடுத்த செய்தி எனக்குப் பஜாரில்தான் தெரியவந்தது. நிரோஷாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் பெரியப்பா, நாலு பேர் நிற்கிற இடத்தில் கேட்டார்.

“சம்பந்தி, ஒங்க மருமக ரேஸுக்குப் போறாங்களாமே. கல்யாணத்தன்னைக்கு மணவறையச் சுத்தி வர்றப்போ மாப்புளயும் பொண்ணும் பின்தங்கிறாம பாத்துக்கச் சொல்லுங்க. அவுங்க முந்திருவாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாசமாகத்தான் சொன்னார், நம்ம வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்டார் என்று சுரேந்திரன் பிறகு சொன்னான். அவனுக்கு மனிதர்களைத் தெரியாது. நான் அன்று வீட்டுக்கு வந்து முதல் துண்டுக்கு மேலே இன்னொரு துண்டை ஒட்டினேன். சற்றுத் தடித்தது.

இந்தத் தடவை வலி தொடையடியில், இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் வந்தது. சுதாகரன் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கும்வரை ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டான். அது எனக்கும் தெரியும். அவள் உள்ளே சுரேந்திரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“ஓடி முடிச்சிட்டு எடுக்கிறேங்க. இப்ப எடுத்தா வேணாம்னு சொல்லிருவாங்க. இந்த ஒரு தடவ மட்டும், ஒருத்தரும் என்னய நிப்பாட்டாம இருக்கணும்.”

அடுத்த நாள் காலையில் அவள் படியிறங்கும்போதே காலை இழுத்து வைத்ததைப் பார்த்தேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் முன்வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். “போய்ட்டு வாறேன் மாமா” என்றாள். தலையசைத்தேன்.

தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேருகிற இடம் செங்குத்தான இறக்கம். உங்களுக்குத் தெரியும், உங்கள் ஆட்கள் வந்து அளந்தார்கள். இறக்கத்தில் ஓடும்போது உடம்பின் பாரம் முழுவதும் ஒரு காலில் விழும். அந்தக் காலில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த எலும்பு அங்கே முறிந்திருக்கிறது. ரோட்டுக்குள் விழுந்தாள். கொழுந்து ஏற்றப் போன லொறி அப்போதுதான் திரும்பியது.

லொறிக்கார மஹ்ரூப் உங்களிடம் சொன்னது உண்மை. “ஓடி வந்தவங்க தன்னாலயே ரோட்டுல சாஞ்சாங்க சேர்” என்றான். கோர்ட்டில் அவனுடைய லோயர்தான் அதை மாற்றினார். அந்தப் பெண் வேண்டுமென்றே லொறிக்கு முன்னால் பாய்ந்தாள் என்றார். இப்போது பஜார் முழுவதும் அந்தப் பேச்சுத்தான். புருஷனுக்குக் கொழும்பில் வேறு தொடுப்பு இருந்ததாம். பெரிய வீட்டுக்குள் என்ன கொடுமை நடந்ததோ, பாவம் என்கிறார்களாம். ஜெயம்மா வாசலுக்கே வந்து, “டீச்சரம்மாவ என்னங்கய்யா செஞ்சீங்க?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கொடகவெலக்காரர்கள் போனை எடுப்பதில்லை.

அதனால்தான் வந்தேன். எங்கள் வீட்டுப் பெண் லொறிக்கு முன்னால் பாயவில்லை. உங்களிடம் இருக்கிற வலது சப்பாத்தின் உள்மெத்தையைக் கிளப்பிப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தோல் துண்டுகள் இருக்கும். என் கையால் சீவியவை. அவள் விழுந்தது அதனால்தான். விழுந்தாள் என்று எழுதுங்கள். பாய்ந்தாள் என்று எழுதாதீர்கள். மஹ்ரூப்பையும் விட்டுவிடுங்கள். அவன் கோர்ட்டுக்குப் போகப் போக இந்தப் பேச்சு வளரும். தண்டனை எனக்குக் கிடைக்கட்டும். வயதானவன் ஒருவன் ஜெயிலுக்குப் போவதை நாலு நாளில் மறந்துவிடுவார்கள். அந்த மாதிரிச் சாவை மறக்க மாட்டார்கள். அது பேத்தியின் கழுத்தில் தாலி ஏறிய பிறகும் கூடவே வரும்.

இங்கே வருவதற்கு முன்னால் சுரேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சத்தம் போடவில்லை. என்மேல் கை வைக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே கேட்டான்.

“ஏம்ப்பா, ‘வேணாம்மா, நிப்பாட்டிரு’ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே நிப்பாட்டியிருப்பாளேப்பா. நீங்க சொல்லி அவ எதயாவது மீறியிருக்காளா?”

அவன் துக்கத்தில் இருக்கிறான், அதனால் இப்படிக் கேட்கிறான். நீங்கள் குடும்பஸ்தர், உங்களுக்கு விளங்கும். ஒரு மாமனார் தன் மருமகளின் கால்களைப் பற்றி வாய்திறந்து பேசுவது எங்கள் குடும்பத்தில் மரியாதை இல்லை.