முள்ளிக்கரைப் புள்ளைகளுக்கு ஒரே பொறந்தநாள்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, முள்ளிக்கரைன்னு ஒரு கடக்கரை ஊரு. அங்க சலேத்தம்மா, சலேத்தம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புயல்ல புருசனைப் பறிகுடுத்துட்டு, வேற கரையிலருந்து ரெண்டு பொட்டப்புள்ளையோட வந்து குடியேறினவ. மூத்தவ பிலோமி, இளையவ ரோசி. கருவாடு வித்து வளத்தா.

அப்பம் பள்ளிக்கூடம்னா ஓலைக் கொட்டகைதான். பால்பல்லு விழாததுலருந்து மீசை அரும்புனதுவரைக்கும் ஒரே மணல்ல உக்காரும். பெருசு சிறுசுக்குச் சொல்லிக்குடுக்கும். ரோசி அக்கா மேல சாஞ்சுக்கிட்டே எழுதுவாளாம்.

ஒருநாள் அதிகாரி ஒருத்தர் வந்தாராம். பாத்தாரு, பதறிட்டாரு. "என்னவே வாத்தியாரே, பள்ளிக்கூடமா ஆட்டுமந்தையா? வயசு வாரியாப் பிரிச்சு உக்கார வையும்!"

"அய்யா, இங்க யாருக்கும் வயசு தெரியாதே."

"அப்பம் பல்லைப் பாரும்!"

பாத்தாங்க. சலேத்தம்மா கருவாட்டுப் பெட்டியோட வாசல்ல நிக்கா. பிலோமி வாயத் திறந்தா. ரோசி வாயத் திறந்தா. ரெண்டு பேருக்கும் அதே பல்லு விழுந்து, அதே பல்லு முளைச்சு, ஒரே அளவுல நிக்குது!

"இதுக ரெண்டும் ஒரே வயசு. ரெட்டையா?"

"இல்லய்யா, ரெண்டு வருசம் வித்தியாசம்னுதான் தாய் சொன்னா"ன்னு வாத்தியார் வாசலைக் காட்டி உளறிட்டாரு.

"அப்பம் ஒண்ணு இவ பெத்தது இல்ல. எது? சொல்லு. அத அநாதை விடுதிக்கு அனுப்பணும்."

அதுக்குள்ள ஊரே வாசல்ல கூடிருச்சாம். சலேத்தம்மா கையிலருந்து பெட்டி விழுந்து, கருவாடெல்லாம் மண்ணு. ஏன்னு கேளுங்க. புயலன்னைக்கு ஒரு கைப்புள்ள ஓலைக்கூரை மேல மிதந்து வந்துச்சு. அதத் தூக்கி, தன் புள்ளையோட ஒரே சேலையில கட்டிக்கிட்டு ஓடினவ அவ. ஆளுக்கொரு மாரைக் குடுத்து வளத்தா. முகச்சாடை ஒட்டாததால மூத்தவ, இளையவன்னு சொல்லிக்கிட்டா; உண்மைய யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல. தானம் வந்த மாட்டையே பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. கடல் தந்த புள்ளையப் பாத்துட்டாரே, பாவி!

ரோசி அழுதுக்கிட்டே கேட்டாளாம்: "யம்மா, நானா? இவளா?"

அய்யோ, அந்தக் கேள்வி! எந்தத் தாயி தாங்குவா? ஆனா சலேத்தம்மா நிமிந்து நின்னா.

"ரெண்டும் நான் பெத்ததுதான். புயலன்னைக்கு, ஒரே நாள்ல. முன்ன சொன்னதுதான் பொய்யி."

"யாருகிட்ட கதை விடுத? உண்மையச் சொல்லு!"

அப்பந்தான் பக்கத்து வீட்டுக் கபிரியேலாள் தன் மவனைப் புடிச்சு முன்னால தள்ளினாளாம். "இவனும் புயலன்னைக்குத்தான் பொறந்தான், எழுதிக்கிடும்." மீசை முளைச்ச பய! அதிகாரி திருதிருன்னு முழிச்சாரு. இன்னொருத்தி தோள்ல கிடந்ததக் காட்டினா. "இதும் அன்னைக்குத்தான்." போன மாசம் பொறந்தது அது! "எங்கதும் அன்னைக்குத்தான்." "எங்கதும்." "எங்கதும்."

வாத்தியாரும் கையக் கட்டிக்கிட்டு, "எல்லாம் ஒரே வயசுய்யா. ஒரே வகுப்பாத்தான் வைக்கணும்"னாராம். அதிகாரி வண்டியேறிட்டாரு.

எது பெத்ததுன்னு சலேத்தம்மா சாகுறவரைக்கும் சொல்லல. மகளுக ரெண்டு பேரும் பொறவு கேக்கவும் இல்ல. அதுக பெத்துப் பெருகினதுதான் இன்னைக்கு முள்ளிக்கரையில பாதி ஊரு. இப்பம் அங்க வகுப்பு வகுப்பாக் கட்டடம் நிக்குது, கையில சர்டிபிகேட்டும் இருக்கு. ஆனாலும் புள்ளையச் சேக்கப் போற முள்ளிக்கரைக்காரிகிட்ட பொறந்த நாளு கேட்டுப் பாருங்க. "புயலன்னைக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் தேதியச் சொல்லுவா.