கம்பி இழுக்கும் தராசு

— தராசுக்குப் பில்லு எங்கே? சாவடி தாண்டணும்ல.

— பில்லு கிடையாதுங்க ரைட்டரய்யா. கடையில வாங்குனதில்ல. போடியில எஸ்டேட்டுப் பட்டறையில நானே செஞ்ச, கம்பியோட இழுவை பாக்குற தராசு. போன தடவையும் இதைத்தான் சொன்னேன்.

— போன தடவை... ஆரு, மொக்கச்சாமியா?

— நான்தான். தாடி வளந்துபோச்சு, அதான் அடையாளம் மட்டுப்படல.

— உக்காரு. ஆ பெஞ்சுல உக்காரு.

— இருக்கட்டுங்க. புதுக் கம்பி போட்டிருக்காங்க, வெரசா மேல போயி இழுத்துப் பாக்கணும். இந்தாங்க கடுதாசி. விலைக்கு இல்ல, சொந்தச் சோலிக்குத்தான், மூணு மாசத்துல திரும்பக் கொண்டாந்துருவோம்னு மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்காரு. மதுரையில முத்திரையும் போட்டாச்சு. அன்னைக்கு நீங்க கேட்டதுல ஒண்ணும் விடல.

— நான் கடலாசு பாக்கலப்பா. எடுத்துட்டுப் போ.

— பாருங்கய்யா. அன்னைக்குப் பாத்தீங்கல்ல.

— பாத்தேன். மெட்ராஸ் ஸ்டேட்டுல இருந்து திருக்கொச்சிக்குள்ள அளக்குற சாமான் போகணும்னா முத்திரை வேணும்னு ரூல் பேசுனேன். மலையில மூடை இறக்குற ரோப்புக் கம்பி முனகுதுன்னு உன் தங்கச்சி புருசன் பால்சாமி சொல்லி அனுப்பியிருக்கான், இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்னு நீ கையெடுத்துக் கும்பிட்டே. திருப்பி அனுப்பிட்டேன். எண்ணி ஆறாம் நாள், முனகுற கம்பிக்கு எண்ணெய் போட, மூடை போற தொட்டில்ல அவனே ஏறியிருக்கான்...

— கம்பி அறுந்து பள்ளத்துல விழுந்ததுல ஏலக்காய் மூடை அன்னைக்கே கிடைச்சுது. மாப்ள கிடைக்க ரெண்டு நாளாச்சு.

— காத்தடிச்சா எனக்கு ஆ கம்பிச் சத்தம் கேக்குது. கூரைத் தகரம்தான்னு வீட்டுல சொன்னா. தகரத்தைக் கழத்திட்டு ஓலை வேஞ்சேன். பின்னையும் கேக்குது.

— ரூலுதானங்கய்யா பாத்தீங்க.

— உன் தங்கச்சி இங்க வர்றாளே, தெரியுமா?

— பேச்சியா? இங்கயா?

— வெள்ளிக்கிழமை தவறாம. லோடு லாரியில ஏறி வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லுல உக்காந்துருவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. பொழுது சாயுறப்ப பஸ் ஏறிக் கீழ போயிருவா.

— எங்கிட்டச் சொல்லலையே...

— காப்பி கொடுத்தேன், தொடல. நாலு வார்த்தை வைதுட்டுப் போ ஆத்தான்னு காலைப் பிடிக்கக் குனிஞ்சேன். காலை இழுத்துக்கிட்டா. மாத்தல் கேட்டு எழுதுனேன். அப்புறம் நானே கிழிச்சுப் போட்டேன். நான் போயிட்டா அவ ஆரைப் பாப்பா?

— அய்யா...

— நீ அண்ணன். நீ சொன்னாக் கேப்பா. என்னை மன்னிக்க வேண்டாம். வராம இருந்தாப் போதும். செரி, சீல் வச்சாச்சு. கிளம்பு.

— இன்னொரு கடுதாசி இருக்குங்க. இடுப்புலயே வச்சிருக்கேன். ஒருத்தருக்கும் காட்டல. இந்தத் தராசைத் திருத்தி முத்திரை வாங்குறதுக்கு முந்தி வந்தது.

— என்னது இது? "தராசு பிழையானது. முத்திரை மறுக்கப்பட்டது." மதுரை ஆபீஸ் கடலாசா?

— நீங்க திருப்பி அனுப்புனதும் ஆத்திரத்தோட மதுரைக்குத் தூக்கிட்டுப் போனேன். படிக்கல்லை மாட்டிப் பாத்தாங்க. எழுபது ராத்தலுக்கு நூறு காட்டுது; எழுபது தாங்குற கம்பியும் நூறு தாங்குறதாத் தெரியும். மாசியில கம்பி மேல போறதுக்கு முந்தி, பட்டறையில அதை வச்சு இழுத்துப் பாத்துட்டுத்தான், கம்பி நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

— அப்ப அன்னைக்கு நான் விட்டிருந்தாலும்...

— விட்டிருந்தாலும் நல்லாருக்குன்னுதான் காட்டியிருக்கும். பேச்சிகிட்ட நான்தான் சொன்னேன், சாவடியில ரைட்டர் மறிச்சுட்டாரு, அதான் மாப்ள செத்தாருன்னு.

— நீயும் அறியாமச் செஞ்சதுதானே மொக்கச்சாமி? பிழைன்னு தெரியுறதுக்குள்ள அவன் செத்துப் போயிருப்பான்.

— அடியில தேதி போட்டிருக்கு, வாசிங்க.

— ஆவணி பன்னெண்டு.

— கம்பி அறுந்தது பதினஞ்சு. நடுவுல மூணு நாளும் நான் பட்டறையிலதான்யா இருந்தேன். என் வேலை போயிரும்னு, கம்பியில ஏறாதீங்கன்னு சொல்ல மேல ஒரு ஆள் அனுப்பல.