சொம்புக்குள் போன கை

தருமலிங்கம், வயது 44, த/பெ தேசப்பன், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம், பொன்னேரி வட்டம். காவல் நிலையத்தில் விசாரித்தபோது கூறியது:

நான் மேற்படி முகவரியில் மனைவி காந்தா, மகள் நந்தினியுடன் குடியிருந்து மீன் பிடித்து வருகிறேன். ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று எங்கள் குப்பத்தில் வருடா வருடம் பாடு சீட்டு எடுப்போம். வாய் குறுகிய பித்தளைச் சொம்பில் சின்னக் கைதான் நுழையும் என்பதால் குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். முதல் சீட்டுக்காரருக்கு மீன் அதிகம் விழும் முகத்துவாரம். நந்தினி ஆறு வயதிலிருந்து ஏழு வருடம் எடுத்தாள். ஏழு முறையும் என் பெயரே வந்தது. இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, ஆறு வயதில் தைத்த பாவாடைதான் இன்னமும் கட்டுகிறாள்.

காந்தா அவளைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். செயற்கை ஹார்மோன் ஊசி ஒன்று போட்டு ரத்தம் எடுத்தால், மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறதா என்று தெரியும் என்றார் டாக்டர். அந்த மருந்தைக் குளிர்ச்சியாகக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. வளர்ந்தால் கை நுழையாதே என்று என் புத்தி கெட்டுப்போய், மருந்தைப் படகுப் பலகையில் உச்சி வெயிலில் சாயங்காலம் வரை வைத்துவிட்டு, அதன் பிறகு ஐஸ் பெட்டியில் திரும்ப வைத்தேன். நிமிர்ந்தால் கரையில் நந்தினி நின்றிருந்தாள்.

மறுநாள் ஊசி போட்டார்கள். முகம் கொஞ்சம் சிவக்கும் என்றார் நர்ஸ். சிவக்கவில்லை. கால் மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்தார்கள், அவள் ஊசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து கெட்டால் சோதனை பலிக்காது, காந்தா விட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஹார்மோன் ஏறவே இல்லை, குறைபாடுதான், வருடக்கணக்கில் தினம் ஊசி போடணும் என்றார் டாக்டர். மருந்து கெட்டதைச் சொல்லாமலே அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அந்த ஊசி ஒன்றுகூடப் போடாத நிலையில் போன ஞாயிறு பாடு சீட்டு நடந்தது. நந்தினி கையை விட்டாள். போன கை வெளியே வரவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றியும் வராமல், பக்கத்து வீட்டு ரமேஷ் ரம்பம் கொண்டுவந்து சொம்பை அறுத்தான். அவள் அழவில்லை. விரித்த கையில் என் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. விரல்கள் நீளமாக இருந்தன. எல்லார் எதிரிலும், "போதும் நைனா. இனிமே மருந்த வெயில்ல வெக்காத" என்றாள். "இன்னா மருந்து?" என்று கேட்ட காந்தா, நேராக இங்கே வந்து புகார் கொடுத்தாள்.

நல்ல மருந்து வைத்து மறுபடி சோதிக்காமல் என் மகளுக்கு ஊசி ஆரம்பிக்க வேண்டாம் என்று டாக்டருக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று பாவாடை அவள் முழங்காலுக்கு ஏறியிருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) தருமலிங்கம்