மூன்றாவது பட்டை

மாரித்தாய்: நான் கூட வந்தது பிடிக்கலேன்னா மொகத்துக்கு நேரா சொல்லிருங்க. சாத்தூர்ல பஸ் மாறுனதுலேர்ந்து உம்முன்னு வாரீக.

பாலகுரு: பிடிக்கலேன்னு எவன் சொன்னான்... தீவாளி சீசன். கம்பெனில ஆர்டர் மலையாக் கெடக்கு. இன்னைக்கிப் போயி லீவப் போட்டுட்டு வந்துருக்கியேன்னு பாத்தேன்.

மாரித்தாய்: நான் ஒரு நா வெடிக்குத் திரி வைக்கலேன்னா தீவாளி நின்னு போயிராது.

பாலகுரு: ஃபோர்மேன் கத்துவான்.

மாரித்தாய்: கத்தட்டும். அதே கம்பெனிக்கு வாச்மேன் நீங்க. மாசாமாசம் லீவு போட்டு விருதுநகர் வாரீக. உங்களக் கத்துறானா?

பாலகுரு: எனக்கு இது பட்டாளத்து ஆபீஸ் வேல. அவனுக்குத் தெரியும்.

மாரித்தாய்: சரி, பட்டாளத்து ஆபீஸ் எப்பிடி இருக்குன்னு நானும் பாத்துக்கிறேன். இந்தப் பெஞ்சுலதான் ஒக்காருவீகளா?

பாலகுரு: ம்... இதுலதான்.

மாரித்தாய்: தொண்டை வறளுது. தண்ணி எங்கன?

பாலகுரு: அந்தா, அந்த மூலையில பானை இருக்கும். மேல டம்ளர் கவுத்தியிருக்கும்.

மாரித்தாய்: பானையக் காணும். சொவத்துல குளாய் வச்ச மிசினுல்ல இருக்கு.

பாலகுரு: ...மாத்திட்டாக போல.

மாரித்தாய்: மிசினு துருவேறிக் கெடக்கு. மாத்தி ரொம்ப நாளாயிருக்கும் போலயே.

பாலகுரு: நான் எங்க புள்ள தண்ணி குடிச்சேன்? நான் டீக் குடிக்கிறவன். வேல முடியட்டும், ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். செத்த தூரம் நடக்கணும். அந்தக் கடைக்காரன் கெட்டிக்காரன் பாத்துக்க... மொத தடவதான் சீனி போட்டுக் குடுத்தான். அடுத்த தடவ போனப்ப நான் வாயத் தொறக்கல. சீனியில்லாம வந்துருச்சு.

மாரித்தாய்: அப்பிடியா?

பாலகுரு: ஆளப் பாத்தே சுகருன்னு கண்டுபிடிச்சிருக்கான்.

மாரித்தாய்: டாக்டருக்குப் படிச்சவரு போல.

பாலகுரு: கேலி பண்ணாத. அது என்ன பையில?

மாரித்தாய்: சேவு. சாத்தூர்ல பஸ் மாறுனப்ப வாங்குனேன்.

பாலகுரு: ஆபீஸுக்கு எதுக்குச் சேவு? கூடவே கருப்பட்டி மிட்டாய் வாசமும் வருது... எனக்கு அது ஆகாதுன்னு தெரியும்ல?

மாரித்தாய்: உங்களுக்குன்னு யாரு சொன்னது? எனக்குப் பசிக்கும். எனக்குச் சுகர் இல்ல. அத விடுங்க... இந்த ஆபீஸ்ல என்னதான் சொல்றாக? உங்க பட்டாளத்துப் புக்குல நாயக்குங்கிறத ஹவில்தார்னு மாத்துவாகளா, மாட்டாகளா?

பாலகுரு: மாத்துவாக. மாத்தித்தான ஆகணும்.

மாரித்தாய்: மாத்துனா என்ன ஆகும்?

பாலகுரு: நம்மூருப் பெத்தணன் வாய மூடுவான்.

மாரித்தாய்: அம்புட்டுத்தானா? ஒரு டீக்கடைப் பேச்சுக்கா இத்தன வருசம் அலையிறீக? அவன் அன்னைக்கிப் போதையில கேட்டான். 'மாமா, ஊரே ஒன்னைய ஹவில்தார்ங்கு, புக்குல நாயக்னு போட்ருக்காம்ல'ன்னு.

பாலகுரு: போதையில கேட்டாலும் கேட்டதுதான. நாலு பேரு சிரிச்சாகள்ல. மாரித்தாயி, நான் பொய் சொல்லல. ஏளு மாசம் நான் ஹவில்தாரு. எங்க ஹவில்தாரு பனியில கால் செத்துப்போயி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. மேஜர் சாப் கூப்பிட்டு நிப்பாட்டி, 'பாலகுரு, இன்னையிலேர்ந்து நீ ஹவில்தார், பயலுகளப் பாத்துக்க'ன்னாரு. நாயக்குக்கு ரெண்டு பட்டை, ஹவில்தாருக்கு மூணு. கையில அந்த மூணாவது பட்டையக் குடுத்தாரு. கூடாரத்துல ஒக்காந்து நானே தச்சேன். வெரல் மரத்துப் போயி, ஊசி ஏறுனதுகூடத் தெரியல. சட்டையில ரத்தத்தப் பாத்துத்தான்...

மாரித்தாய்: தெரியும். அந்தச் சட்டைய நாந்தான தொவச்சேன். நீங்க ஹவில்தார் இல்லேன்னு நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கனா?

பாலகுரு: சொன்னதில்ல.

மாரித்தாய்: பெறகு?

பாலகுரு: நீ சொல்லாட்டி போதுமா? நாளைக்கி நான் செத்தா சிவகாசியில போஸ்டர் அடிப்பாக. போட்டாவுக்குக் கீள என்னன்னு போடுவாக?

மாரித்தாய்: இன்னைக்கி வந்த எடத்துல சாவுப் பேச்சு எதுக்கு... அந்தா, ஒருத்தரு நம்மளப் பாத்து வாராரு.

நாகையா: தாயில்பட்டி பாலகுரு அய்யாதான? வாங்க, வாங்க. மறந்துட்டீகளா, கிளார்க்கு நாகையா. உங்களப் பாக்குறதே அபூர்வமாப் போச்சு.

மாரித்தாய்: என்ன தம்பி அப்பிடிச் சொல்லிட்டீக? மாசாமாசம் வாராகளே.

நாகையா: இங்கனயாம்மா? மனுக் குடுத்த புதுசுல நாலஞ்சு தடவ வந்தாக. பெறகு ஆளே வரல. ரெண்டு கார்டு போட்டேன். பதிலக் காணும்.

பாலகுரு: தம்பி... அது வந்து...

நாகையா: பரவால்லங்கய்யா, இன்னைக்காவது வந்தீகளே. உங்க காரியம் முடிஞ்சு போன வருசத்துலேர்ந்து கெடக்கு. உங்கள ஹவில்தாரா ஏத்துன ஆர்டர், பட்டாளத்துல பளைய கட்டுல கெடச்சிருச்சாம். நீங்க பட்டாளத்த விட்டு ஊருக்கு வந்ததுக்குப் பெறகு வெளியான ஆர்டரு. அதான் புக்குல ஏறல. புக்கக் கொண்டாந்தீகளா?

பாலகுரு: கொண்டாந்துருக்கேன்.

நாகையா: அதக் குடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. திருத்தி அனுப்பிருவாக. இனிமே நீங்க ஹவில்தார்தான், ஒருத்தன் பேச முடியாது. ஒக்காந்திருங்க, அதிகாரிகிட்ட இருக்க ஃபைல வாங்கிட்டு வந்துர்றேன்.

மாரித்தாய்: மிசினு துருவேறுற வரைக்கும் உங்க கண்ணுல படாமப் போனது எப்பிடின்னு இப்பத்தான் தெரியுது.

பாலகுரு: கோவப்படாத புள்ள.

மாரித்தாய்: கோவமில்ல. வெள்ளனா எந்திரிச்சு, சட்டையத் தேச்சுப் போட்டு, மீசைய முறுக்கி விட்டு மாசாமாசம் எங்கன போனீக?

பாலகுரு: டீக்கடைக்கு.

மாரித்தாய்: தாயில்பட்டியில டீக்கடை இல்லாமயா?

பாலகுரு: அந்தக் கடை பெஞ்சுலேர்ந்து பாத்தா... எதுத்தாப்புல ஒரு பச்சைக் கேட்டு வீடு.

மாரித்தாய்: யாரு வீடு?

பாலகுரு: கேக்காத மாரித்தாயி.

மாரித்தாய்: கேக்கத்தான் செய்வேன்.

பாலகுரு: ...பாண்டிச்செல்வி வீடு.

மாரித்தாய்: ம்.

பாலகுரு: மனுக் குடுக்க வந்த அன்னைக்கித்தான் பாத்தேன். இடுப்புல புள்ளைய வச்சுக்கிட்டு ரோட்டக் கடந்து போனா. நம்ம மகளான்னு ஒரு நிமிசம் மலைச்சுப் போயிட்டேன். எளச்சிருந்தா. பின்னாலயே போனேன், களவாணி மாதிரி. அந்தப் பய விக்னேஷ்குமாரு பருப்பு மில்லுல கணக்கு எளுதுறானாம். கடைக்காரன்தான் சொன்னான். பொம்பளப் புள்ள. பேரு சினேகா.

மாரித்தாய்: நம்ம பேத்தி.

பாலகுரு: நான் போயி ஒக்காந்து டீ வாங்குற நேரத்துக்குக் கரெக்டா அது வாசலுக்கு வந்துரும். என்ன ராசியோ. தலையில துண்டப் போட்டு மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். மொதல்ல தவந்துச்சு. பெறகு கேட்டப் பிடிச்சு நின்னுச்சு. இப்ப குச்சிய வச்சுக்கிட்டுக் கோளிய வெரட்டுது. அப்பிடியே செல்வி சின்னதுல பண்ணுன மாதிரி. ஒரு தடவ ரோட்டுப் பக்கம் பாத்து டாட்டா காட்டுச்சு. எனக்கா, பஸ்ஸுக்கான்னு தெரியல. பொங்கல் வரைக்கும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

மாரித்தாய்: ரோட்டத் தாண்டுனா வீடு. தாண்ட வேண்டியதுதான?

பாலகுரு: தெரிஞ்சுக்கிட்டே கேக்குற. ஆத்தா கோயில்ல சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்ல? அவ அந்தப் பயகூடப் போன வருசப் பங்குனிப் பொங்கலு, ஊரே நிக்கு. எரியிற சூடத்துல கைய அடிச்சு, எம் மக வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு... உள்ளங்கையில இன்னும் தளும்பு இருக்கு.

மாரித்தாய்: காரியம் முடிஞ்சு ஒரு வருசமாக் கெடக்குன்னாரே. கையெழுத்துப் போட்டிருந்தா அன்னைக்கே ஹவில்தாராயிருக்கலாம்ல?

பாலகுரு: ஆயிருந்தா? பெறகு என்னத்தச் சொல்லிட்டு விருதுநகர் வருவேன்? காரியம் முடியாத வரைக்கும்தான எனக்குப் பஸ் ஏற ஒரு சாக்கு இருக்கு.

மாரித்தாய்: பெறகு ஏன் இன்னைக்கி உள்ள வந்தீக?

பாலகுரு: போன மாசம் கடைக்காரன் சொன்னான். அந்தப் பயலுக்குத் திருப்பூருல பனியன் கம்பெனில வேலையாம். வீட்டக் காலி பண்றாகளாம். நாளைக்கி வண்டி ஏத்துறாக. இனிமே எனக்கு விருதுநகர்ல என்ன கெடக்கு... பட்டையையாவது வாங்கிட்டுப் போவோம்னு வந்தேன்.

மாரித்தாய்: ஏங்க, ஒண்ணு கேக்கேன். சத்தியம் பண்ணுனப்ப என்ன சொன்னீக? சொன்ன மாதிரியே சொல்லுங்க.

பாலகுரு: அதத்தான் சொன்னேனே.

மாரித்தாய்: இல்ல, முளுசாச் சொல்லல. நான் பக்கத்துல நின்னேன். வெறப்பா நின்னு, மேஜருக்குச் சொல்ற மாதிரி சொன்னீக.

பாலகுரு: ...'ஹவில்தார் பாலகுரு சொல்றேன், எம் மக வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்'னு சொன்னேன். ராங்கு இல்லாமப் பேரு சொல்லிப் பளக்கமில்ல. அதுக்கு என்ன?

மாரித்தாய்: இப்ப உங்க கையில இருக்க புக்குல என்ன இருக்கு?

பாலகுரு: நாயக் பாலகுரு.

மாரித்தாய்: அப்ப வாசப்படிய மிதிக்கக் கூடாதது ஹவில்தாரு. அவரு மிதிக்க வேணாம். நாயக்குக்கு என்ன தடை?

பாலகுரு: ஏ புள்ள... ஆத்தாகிட்டயே வக்கீல் வாதமா?

மாரித்தாய்: ஆத்தாவும் பொம்பளதான. இப்பிடி ஒரு வளி கெடக்காதான்னு அவளும் தேடிக்கிட்டுத்தான் இருந்திருப்பா. கையெழுத்தப் போட்டீகன்னா அந்த வளியும் அடஞ்சு போச்சு. சாகுற வரைக்கும் ஹவில்தாரு, சாகுற வரைக்கும் சத்தியம்.

பாலகுரு: ஊரு கேக்கும்ல?

மாரித்தாய்: கேட்டா புக்க விரிச்சுக் காட்டுங்க. பெத்தணனே வந்து சாட்சி சொல்லுவான்.

பாலகுரு: அவன் சிரிப்பான்.

மாரித்தாய்: சிரிப்பான். சாகுற வரைக்கும் சிரிப்பான். போஸ்டர்லயும் நாயக்னுதான் போடுவாக. நான் இல்லேங்கல. நீங்க பட்டபாடு எனக்குத் தெரியும், அந்தப் பட்டை உங்களுதுதான். அதுனாலதான் நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க. எனக்கு எம் மகளப் பாக்கணும். அம்புட்டுத்தான்.

பாலகுரு: ரத்தம் ஊற ஊற தச்சேன், மாரித்தாயி.

மாரித்தாய்: தெரியும்ங்க.

நாகையா: அய்யா, ஃபைல் வந்துருச்சு. இந்தாங்க பேனா. புக்க இப்பிடிக் குடுங்க.

பாலகுரு: தம்பி...

நாகையா: சொல்லுங்கய்யா.

பாலகுரு: அந்த ஆர்டர் காகிதத்த ஒரு தடவ பாத்துக்கிறட்டா?

நாகையா: தாராளமா. இந்தா, இங்கன. ஹவில்தார் பாலகுரு. தேதி கூடப் போட்ருக்கு பாருங்க.

பாலகுரு: ஆமா. எம்பேருதான்... நல்லாத்தான் இருக்கு. வச்சுக்கோங்க தம்பி. கையெழுத்து வேணாம்.

நாகையா: என்னய்யா, இம்புட்டு வருசம் காத்துக் கெடந்துட்டு? இன்னைக்கி விட்டா ஃபைல மூடிருவாக. பெறகு தொறக்குறது கஷ்டம்.

பாலகுரு: மூடட்டும். நாயக்காவே இருந்துட்டுப் போறேன். அதிகாரிகிட்டச் சொல்லிருங்க, கெளவனுக்கு அவசர சோலி வந்துருச்சுன்னு.

நாகையா: அம்மா, நீங்களாவது சொல்லுங்க.

மாரித்தாய்: அவுக முடிவு பண்ணிட்டாக தம்பி. இந்தாங்க, சேவு எடுத்துக்கோங்க. சாத்தூரு சேவு.

நாகையா: ம்... நல்ல ஆளுகய்யா. போயிட்டு வாங்க.

மாரித்தாய்: படி பாத்து எறங்குங்க. கண்ணத் தொடச்சுக்கோங்க மொதல்ல.

பாலகுரு: தூசி.

மாரித்தாய்: ஆமா, தூசிதான். எந்தப் பக்கம் போகணும்?

பாலகுரு: இந்தப் பக்கம். அந்தா தெரியுதுல்ல வேப்பமரம், அதத் தாண்டுனா டீக்கடை. ஏ மாரித்தாயி... கொஞ்சம் நில்லு. அவ என்னைய உள்ள விடுவாளா? அஞ்சு வருசமா அப்பன் செத்தானா இருக்கானான்னு அவளுக்குத் தெரியாது. இப்பத் திடுதிப்புன்னு போயி நின்னா... நான் மாசாமாசம் எதுத்தாப்புல வந்து ஒக்காந்ததுகூட அவளுக்குத் தெரியாதே.

மாரித்தாய்: ஏங்க, உங்களுக்குச் சுகர் வந்தது எப்ப?

பாலகுரு: அவ போன மறு வருசம். அதுக்கும் இதுக்கும் என்ன?

மாரித்தாய்: உங்களுக்குச் சுகருன்னு போன்ல அவளுக்குச் சொன்னது நானு. கடைக்காரருக்குச் சொன்னது அவ. நடங்க, புள்ள வாசல்ல நிக்கும்.