ஏழு நாள் அவகாசம்

சண்டை போட்டே பழக்கமில்ல சார் எனக்கு. ஹோட்டல்ல ஆறின காபி வந்தாக்கூடப் பேசாம குடிச்சிட்டு வந்துடுவேன். அதனாலதான் விதி வகுக்குற பொறுப்பை என் தலையில கட்டினாங்க.

இலவசமா மென்பொருள் செஞ்சு கொடுக்குற ஆளுங்க நாங்க. சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு பேக்கேஜை, அதாவது ஒரு மென்பொருள் தொகுப்பைப் பார்த்துக்குவோம். ஓட்டெடுப்பும் கிடையாது. புது விதியை இமெயில் குழுவில போட்டுட்டு ஏழு நாள் விடுவோம். ஒரே ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் நின்னுடும். யாரும் வாய் திறக்கலைன்னா நிறைவேறிடும். மௌனம் சம்மதம்.

மூணு வருஷமா ஒரே விதிக்கு ஒரே ஆள் குறுக்கே நின்னார். ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவர். நர்ஸண்ணன்னுதான் கூப்பிடுவோம். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயசு, மூச்சு மெஷின்லதான் இருந்தா. மெஷின்ல கோளாறு வந்தாலோ குழாய் கழண்டாலோ அலறுற மாதிரி அவரே ஒரு அலாரம் புரோகிராம் எழுதி, அதையும் ஒரு பேக்கேஜா எங்ககிட்ட வெச்சிருந்தார்.

விதி இதுதான். எல்லாரும் பயன்படுத்துற பொது நிரலோட தனி நகலை எந்தப் பேக்கேஜும் தனக்குள்ள வெச்சிருக்கக் கூடாது. நியாயமான விதி சார். பொது நிரல்ல ஒரு ஓட்டை வந்தா, நாற்பது பேக்கேஜ்ல இருக்குற நகலையும் தேடித் தேடி யார் அடைக்கிறது?

"பொது நிரல்ல ஒலிப் பகுதி சரியில்லப்பா, என் அலாரம் அடிக்காது. என் நகலை மட்டும் விட்டுடுங்க"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வார். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பா வைக்க முடியும்?

அவர் அலாரத்தைப் பொது நிரலோட சேர்த்து என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அடிக்கல. அதை வேற ஒரு பிழைன்னு தனியா குறிச்சு வெச்சேன்.

போன மாசம் அவருக்கு இதயத்துல ஆபரேஷன்னு அவர் மனைவி போன் பண்ணாங்க. அண்ணின்னுதான் கூப்பிடுவேன். அன்னிக்கு மதியமே விதியைக் குழுவில போட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன் சார், ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தேன். அஞ்சாவது நாள் கொஞ்சம் தெளிஞ்சதும் அவர் முதல்ல அதைத்தான் கேட்டார்.

"குழுவில ஏதாவது ஓடுதாப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. ஈ காக்கா இல்ல. நிம்மதியாத் தூங்குங்க."

என் கையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கினார். கை மரத்துப் போச்சு. அதைத் தவிர எனக்கு ஒண்ணும் தோணல.

எட்டாவது நாள் விதி நிறைவேறிடுச்சு. அவர் பேக்கேஜ்ல இருந்த நகலை நானேதான் நீக்கிட்டுப் பொது நிரலோட இணைச்சேன். புதுப் பதிப்பு வீட்டுல இருக்குற மெஷினுக்குத் தானாவே போய்ச் சேரும், அதுவும் தெரியும். மறுநாள் காலையில பத்து மணிக்கு அண்ணி மொட்டைமாடியில துணி காயப்போட்டுட்டு இருந்திருக்காங்க. கீழே மூச்சுக் குழாய் கழண்டிருக்கு. சத்தமே வரல. அலாரம் இருக்குற தைரியத்துல, பக்கெட் காலியாகுற வரைக்கும் நிதானமா உதறி உதறிப் போட்டிருக்காங்க.

அந்தப் பொண்ணு என்னைச் சித்தப்பான்னு கூப்பிடுவா.

அவர் படுத்த நாளாப் பார்த்துப் போட்டேன். கேட்டப்போ பொய் சொன்னேன். அடிக்காதுன்னு தெரிஞ்சேதான் நீக்கினேன். வாக்குமூலத்துல எழுதிக்குங்க சார். விதியை மீறினேன்னு மட்டும் எழுதிடாதீங்க.

குழு சார்பா இரங்கல் செய்தியையும் நான்தான் எழுதினேன். வழக்கப்படி ஏழு நாள் விட்டிருக்கேன். நர்ஸண்ணன் வீட்டுக்கு வந்துட்டார், குழுவில வர்றதையெல்லாம் படிக்கிறாராம். இன்னிக்கு ஆறாவது நாள். இதுவரைக்கும் அவர் ஆட்சேபிக்கல.