உபயப் பட்டியல் போடும் அக்கா

“இழுத்துப் போடத்தான் மவுஸ் இருக்கே. கீபோர்டுல இதை யாரும்மா செய்யப் போறா?” என்று எங்கள் மேலாளர் ஒருமுறை என்னிடம் கேட்டார். கோயில்களின் இணையத்தளங்களுக்கு நாங்கள் செய்து தரும் மென்பொருளில், பட்டியலில் உள்ள பெயர்களை மேலே, கீழே நகர்த்தும் பொத்தான்களை நான் விடாமல் சேர்த்திருந்தேன்.

நேற்றுக் காலை கிள்ளான் கொமுட்டர் ரயிலில், வெள்ளைக்கோல் வைத்திருந்த ஓர் அக்காவும் ஒரு கோயில் கமிட்டிக்காரரும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“மூணாம் நாள் உபயம் லிஸ்ட்ல மேல வந்துச்சுன்னா, முதல் நாள் பூஜைக்குப் பணம் கட்டின குடும்பம் என்னைச் சும்மா விடாது லா. அதான் வெப்சைட்ட வேற ஆளுகிட்ட குடுக்கலாம்னு மீட்டிங்ல சொன்னேன்” என்றார் கமிட்டிக்காரர்.

“போன வருஷம் மவுஸ்ல இழுக்கணும் அங்கிள், என்னால முடியல. இப்ப பட்டன் இருக்கு. தட்டினா, ‘ஏழுல ரெண்டாவது’ன்னு கம்ப்யூட்டர் காதுல சொல்லுது. நீங்களே பாருங்க.”

அவர் தம் போனில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீயே பாத்துக்கம்மா.”

அக்கா சிரித்தார். “ஒரே தொல்லை அங்கிள். ஒரு பேர நகர்த்தினா கர்சர் பக்கத்தோட உச்சிக்குப் போயிடுது. மறுபடி முதல்லேருந்து தேடணும்.”

பிரிக்பீல்ட்ஸ் போக இருவரும் சென்ட்ரலில் இறங்கினார்கள். அந்தப் பட்டனும் அந்தத் தொல்லையும் நான் வைத்தவை.

மதியத்துக்குள் அதைத் திருத்தினேன். திருத்தக் குறிப்பில் ‘யாருக்காக’ என்ற கட்டத்தில் ‘உபயப் பட்டியல் போடும் அக்கா’ என்று எழுதி, மேலாளருக்கு அனுப்பிவிட்டேன்.